கான் அடைபட்டால் யாரைக் கேட்பது? கொழும்புப் பிள்ளைகளுக்கு மாநகர சபையைப் பற்றி

2023 மார்ச் 19ஆம் திகதி நள்ளிரவோடு கொழும்புக்கு மேயர் இல்லாமல் போனார். மேயரோடு சேர்த்து நூற்றுக்கு மேற்பட்ட மாநகர சபை உறுப்பினர்களின் பதவிக்காலமும் அன்றைக்கே முடிந்தது. அதற்குள் தேர்தல் நடந்து புதியவர்கள் வந்திருக்க வேண்டும். மார்ச் 9 என்று நாள்கூடக் குறித்திருந்தார்கள். நாடு பெரிய பணநெருக்கடியில் இருந்த நேரம் அது. தேர்தலுக்குப் பணமில்லை என்று சொல்லித் தள்ளிவைத்தார்கள். அப்படித் தள்ளிப்போன தேர்தல் நடக்க இரண்டு வருடங்களுக்கு மேல் ஆனது.

சரி, மறுநாள் காலையில் நகரம் நின்றுபோனதா? இல்லை. குப்பை லொறி வந்தது. தெருவிளக்குகள் மாலையில் எரிந்தன. விகாரமகாதேவி பூங்காவில் புல் வெட்டினார்கள். தாய்மார் கைக்குழந்தைகளோடு கிளினிக்குக்குப் போய் நிறை பார்த்துக்கொண்டு வந்தார்கள். அப்படியென்றால் மேயரும் உறுப்பினர்களும் எதற்கு? அவர்கள் இல்லாமலே எல்லாம் நடக்கிறதே!

இந்தக் கேள்வியை ஒரு பிள்ளை என்னிடம் கேட்டால் நான் சந்தோஷப்படுவேன். உள்ளூர்த் தலைவர் என்பவர் உண்மையில் என்ன செய்கிறார் என்று புரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி கிடையாது.

மாநகர சபைக்குள் மூன்று விதமான ஆட்கள் இருக்கிறார்கள். முதலாவது, தொழிலாளர்கள். விடியுமுன் வீதி கூட்டும் அக்காமார், கானுக்குள், அதாவது வீதியோர வடிகாலுக்குள், இறங்கிச் சேறு அள்ளும் அண்ணாமார், தீயணைப்பு வண்டியில் போகிறவர்கள் எல்லாரும் இதில் அடக்கம். இரண்டாவது, அதிகாரிகள். பொறியியலாளர், வைத்தியர், கணக்காளர், இவர்களுக்கெல்லாம் மேலே மாநகர ஆணையாளர். இவர்கள் சம்பளத்துக்கு நியமிக்கப்பட்டவர்கள். எந்த வேலையை எந்த விதிப்படி செய்வது என்பது இவர்களுக்குத் தெரியும். மூன்றாவது, உறுப்பினர்கள். உங்கள் அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி வாக்களித்து அனுப்பியவர்கள். அவர்களில் ஒருவர்தான் மேயர், அதாவது மாநகர முதல்வர்.

2023இல் காணாமல் போனது இந்த மூன்றாவது கூட்டம் மட்டும்தான். வேலை செய்யும் கைகள் இருந்தன, விதி தெரிந்த அதிகாரிகளும் இருந்தார்கள். "எங்கள் ஒழுங்கைக்கு ஏன் இன்னும் வரவில்லை?" என்று எங்களுக்காகக் கேட்க வேண்டிய ஆள்தான் இல்லை. பணத்தை எதற்குச் செலவழிப்பது என்று எங்கள் சார்பில் முடிவெடுக்கவும் ஆளில்லை. நகரத்தை ஆணையாளர் பார்த்துக்கொண்டார். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அடுத்த தேர்தலில் வந்து எங்களிடம் வாக்குக் கேட்க வேண்டிய தேவை அவருக்கு இல்லை.

ஓர் உதாரணம் பார்ப்போம். உங்கள் ஒழுங்கையின் முனையில் கான் அடைபட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கொட்டாஞ்சேனையாக இருக்கலாம், வெள்ளவத்தையாக இருக்கலாம். யாரோ கட்டிய வீட்டின் மணலும் சீமெந்தும் கானுக்குள் இறங்கிவிட்டன. மேலே இரண்டு சொப்பிங் பை, ஒரு தயிர்ச்சட்டி. மழை பெய்தால் தண்ணீர் போக வழியில்லாமல் வாசல் வரைக்கும் வருகிறது. வெயில் அடித்தாலும் கானுக்குள் தண்ணீர் தேங்கித்தான் நிற்கிறது. தயிர்ச்சட்டிக்குள் மழைத்தண்ணீர், தெளிவாக.

பிரச்சினை ஆரம்பிப்பது அந்தத் தெளிந்த தண்ணீரில்தான். டெங்குவைப் பரப்பும் நுளம்பு சாக்கடையைவிடச் சுத்தமான தேங்கிய தண்ணீரைத்தான் விரும்பும். முட்டையிட்டு, குடம்பி வெளிவந்து, நுளம்பாகிப் பறப்பதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். 2017இல் இலங்கை முழுவதும் 1,86,101 பேருக்கு டெங்கு என்று பதிவானது. அந்த வருடம் கொழும்பில் பல வகுப்பறைகளில் ஒரு மேசையாவது வெறுமையாக இருந்திருக்கும்.

இப்போது உங்கள் அம்மா என்ன செய்வார்? மாநகர சபைக்கு அழைத்து முறைப்பாடு கொடுப்பார். முறைப்பாடு ஒரு புத்தகத்திலோ கணினியிலோ ஏறும். அதே நாளில் இன்னும் பல இடங்களிலிருந்து முறைப்பாடுகள் வந்திருக்கும். எங்கோ மரம் விழுந்திருக்கும், எங்கோ குழாய்க்குத் தோண்டிய வீதியை மூடாமல் விட்டிருப்பார்கள். கான் துப்புரவு செய்யும் ஆட்களும் வண்டிகளும் எண்ணிக்கையில் கொஞ்சம். எதை முதலில் செய்வது? பெரும்பாலும் பெரிய வீதி, பெரிய அலுவலகம், பெரிய ஆட்கள் இருக்கும் பக்கம்தான் முதலில் கண்ணில் படும். சின்ன ஒழுங்கை பின்னுக்குப் போய்விடும்.

வட்டார உறுப்பினர், அதாவது உங்கள் பகுதிக்கென்று தெரிவான உறுப்பினர், தேவைப்படுவது இந்த இடத்தில்தான். அவருக்கு உங்கள் ஒழுங்கை தெரியும். அல்லது தெரிந்திருக்க வேண்டும். அவர் வந்து பார்ப்பார். முறைப்பாட்டு இலக்கத்தை வாங்கிக்கொண்டு பொறியியலாளரிடம் போவார். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம், அதாவது நாங்கள் பி.எச்.ஐ. என்று சொல்பவரிடம், தேங்கிய தண்ணீரைப் பற்றிச் சொல்வார். நுளம்பு பெருகும்படி இடத்தை வைத்திருப்பவர்மீது வழக்குப் போட 2007ஆம் ஆண்டின் சட்டமொன்று பி.எச்.ஐ.க்கு அதிகாரம் தருகிறது. வீடு கட்டிய ஆள் மணலை அள்ளியே ஆக வேண்டும். அடுத்த வாரம் உறுப்பினர் திரும்ப வந்து பார்ப்பார். அள்ளாவிட்டால் மறுபடி போவார்.

திரும்ப வந்து பார்ப்பதுதான் ஓர் உள்ளூர்த் தலைவரின் சேவையில் பெரிய பகுதி என்பது என் எண்ணம். படத்துக்கு நிற்பதும் ரிப்பன் வெட்டுவதும் பத்து நிமிட வேலை. ஒரு கானுக்காக மூன்று தடவை ஒரே அலுவலகப் படியேறுவதற்குப் பொறுமை வேண்டும். அதை யாரும் பத்திரிகையில் போட மாட்டார்கள்.

நல்ல உறுப்பினர் இன்னொன்றும் செய்வார். இதே கான் மூன்று வருடமாக ஒவ்வொரு மழைக்கும் அடைபடுகிறது என்றால், சேற்றை அள்ளி அள்ளிப் பயனில்லை, கானையே அகலப்படுத்த வேண்டும் என்று சபையில் எழுந்து சொல்வார். அதற்குப் பணம் ஒதுக்கச் சொல்லிக் கேட்பார். மாநகர சபை மாதம் ஒரு முறையாவது கூட வேண்டும் என்பது சட்டம். சுகாதாரம், நிதி, வீதி என்று தனித்தனிக் குழுக்களும் உண்டு. உங்கள் ஒழுங்கையின் பெயர் அந்தக் கூட்டத்தில் ஒலிக்க வேண்டுமென்றால் அதைச் சொல்ல ஒருவர் அங்கே இருக்க வேண்டும்.

பணம் எங்கிருந்து வருகிறது? வீட்டில் சோலைவரி என்ற சொல்லைக் கேட்டிருப்பீர்கள். வீட்டுக்கும் கடைக்கும் மாநகர சபை ஒரு பெறுமதி போட்டு, அதில் ஒரு பங்கை வரியாகக் கேட்கும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை கட்டலாம். முழு வருடத்துக்கும் ஜனவரி மாதத்திலேயே கட்டினால் நூற்றுக்குப் பத்து கழிவு கிடைக்கும். தை மாதத்தில் அப்பாமார் வரிசையில் நிற்பது அதற்காகத்தான். கடை உரிமம், கட்டட அனுமதி, வாகனத் தரிப்பிடம், சந்தை வாடகை என்று வேறு வழிகளிலும் பணம் சேரும். வாடகை வீட்டில் இருக்கும் பிள்ளைகள் தாங்கள் எதுவும் கட்டவில்லை என்று நினைக்க வேண்டாம். வீட்டுக்காரர் கட்டும் வரி உங்கள் வாடகைக்குள்ளும் இருக்கிறது.

உங்கள் வகுப்பில் நாற்பது பிள்ளைகள், ஆளுக்கு நூறு ரூபாய் கொண்டுவந்தால் நாலாயிரம் ரூபாய். உடைந்த மின்விசிறியைத் திருத்துவதா, அல்லது விளையாட்டுப் போட்டிக்கு அலங்காரம் செய்வதா? இரண்டுக்கும் போதாது. மின்விசிறிக்குக் கீழே இருக்கும் பிள்ளை ஒன்று சொல்லும், ஓட்டப்போட்டியில் ஓடும் பிள்ளை வேறொன்று சொல்லும். இரண்டு பேரும் பேச இடம் கொடுத்து, பிறகு கை உயர்த்தி முடிவெடுத்தால் தோற்றவருக்கும் தன் பேச்சைக் கேட்டார்கள் என்று இருக்கும். ஒவ்வொரு வருட இறுதியிலும் மாநகர சபையில் இதுதான் பெரிய தொகையில் நடக்கிறது. அதற்குப் பெயர் வரவு செலவுத் திட்டம். மேயர் அதைச் சபையில் வைப்பார். உறுப்பினர்கள் விவாதிப்பார்கள், மாற்றம் கேட்பார்கள், கடைசியில் வாக்களிப்பார்கள். மேயர் நினைத்தபடி எல்லாம் நடந்துவிடாது. நடக்கவும் கூடாது.

இனி, மேயரிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்டுப் பயனில்லை என்று தெரிந்துகொள்ள வேண்டும். பெரியவர்களே இதில் குழம்புகிறார்கள். வீட்டில் மின்சாரம் போனால் மேயருக்குச் சொல்லிப் பிரயோசனமில்லை, அது மின்சாரம் வழங்கும் நிறுவனத்தின் வேலை. குழாயில் தண்ணீர் வராவிட்டால் நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை. பாடசாலையில் கணித ரீச்சர் இல்லையென்றால் அது கல்வித் திணைக்களத்துக்குப் போக வேண்டிய கேள்வி. பொலிஸ் மேயரின் கையில் இல்லை. கிராம சேவகரும் மாநகர சபையின் ஆள் இல்லை, அவர் பிரதேச செயலகத்தைச் சேர்ந்தவர். காலி வீதியில் பெரிய குழி விழுந்தால் வீதி அபிவிருத்தி அதிகார சபை, அதிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் குழி விழுந்தால் மாநகர சபை. உங்கள் கானில் ஓடும் தண்ணீர் போய்ச் சேரும் வெள்ளவத்தைக் கால்வாயைப் பார்ப்பது இன்னொரு நிறுவனம், காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனம். அதனால்தான் சில நேரம் கான் சுத்தமாக இருந்தும் வெள்ளம் நிற்கும். கால்வாய் நிரம்பியிருந்தால் கான் எங்கே போய்க் கொட்டும்?

மாநகர சபைக்கு உரியவை எவை என்றால், சட்டம் அதை மூன்று பெரிய பெட்டிகளில் போடுகிறது. பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், பொது வீதிகள். இவற்றோடு மக்களின் வசதியையும் நலனையும் பார்க்க வேண்டும் என்கிறது. குப்பை, கான், தெருவிளக்கு, நகரத்தின் கழிவுநீர்க் குழாய்கள், இலவச மருந்தகம், கர்ப்பிணித் தாய்மாருக்கும் குழந்தைகளுக்குமான கிளினிக், சந்தை, கடைச் சாப்பாட்டின் சுத்தம், பொறளை கனத்தை மயானம், பூங்கா, விளையாட்டு மைதானம், நூலகம், தீயணைப்புப் படை எல்லாம் அதற்குள் வரும். தீப்பிடித்தால் 110 என்ற இலக்கத்துக்கு அழைக்க வேண்டும். இதை மட்டும் இப்போதே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

எல்லையும் முக்கியம். கோட்டையிலிருந்து முகத்துவாரம், மட்டக்குளி வரைக்கும் கொழும்பு 1 முதல் 15 வரை என்று தபால் இலக்கம் போடும் பகுதிகள்தான் கொழும்பு மாநகரம். ஏறத்தாழ 37 சதுர கிலோமீற்றர். வெள்ளவத்தையைத் தாண்டித் தெஹிவளைக்குப் போனால் அங்கே தெஹிவளை கல்கிசை மாநகர சபை என்று வேறொன்று, வேறு மேயர். பஸ்ஸில் போகும்போது தெரியாது, கடைகள் தொடர்ந்துகொண்டே இருக்கும். ஆனால் குப்பை லொறி மாறிவிடும். நாடு முழுவதற்கும் இப்படி 29 மாநகர சபைகள், 36 நகர சபைகள், 276 பிரதேச சபைகள், மொத்தம் 341. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் இருக்கும் உங்கள் சொந்தக்காரருக்கு அவரவர் மாநகர சபை. நுவரெலியாவில் தோட்டத்தில் இருக்கும் மாமா வீட்டுக்குப் பெரும்பாலும் ஒரு பிரதேச சபை.

கொழும்பு மாநகர சபைக்கு வயது அதிகம். 1865ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவாகி, அடுத்த வருடம் முதல் கூட்டத்தை நடத்தியது. ஆங்கிலேயர் ஆண்ட காலம். தொடக்கத்தில் வாக்களிக்கும் உரிமை சொத்துள்ள கொஞ்சப் பேருக்குத்தான். சபை இருந்த பழைய கட்டடத்தைப் புறக்கோட்டையில் இன்றும் பார்க்கலாம். கறுவாத்தோட்டத்தில் விகாரமகாதேவி பூங்காவுக்கு எதிரே வெள்ளை நிறத்தில், நடுவில் பெரிய குவிமாடத்தோடு நிற்கும் நகர மண்டபம் 1928இல் திறக்கப்பட்டது.

துறைமுக நகரம் என்பதால் பொருட்களோடு நோயும் கப்பலில் வந்து இறங்கியது. 1914இல் கொழும்பில் கொள்ளைநோய் வந்தது. எலிகளின் உடலில் இருக்கும் தெள்ளு கடித்துப் பரவும் நோய் அது. நெருக்கமான வீடுகள், தானிய மூட்டைகள், அவற்றைச் சுற்றி எலிகள். எலியைப் பிடிப்பது, வீட்டைச் சுத்தம் செய்வது, காற்றும் வெளிச்சமும் வரும்படி கட்டடம் கட்டச் சொல்வது எல்லாம் நகரத்தின் சுகாதாரப் பகுதியின் வேலையாக ஆனது. இன்றைக்கு பி.எச்.ஐ. உங்கள் வீட்டுப் பூச்சாடியைக் குனிந்து பார்ப்பதற்கும் அந்தக் காலத்து எலி வேட்டைக்கும் நேரடி உறவு இருக்கிறது.

நீண்ட காலம் சபையின் தலைவர் அரசாங்கம் அனுப்பிய அதிகாரியாகவே இருந்தார். 1937இல்தான் உறுப்பினர்கள் தெரிவு செய்த முதல் மேயர் வந்தார். அவர் ஒரு தமிழர், தொழிலால் வைத்தியர், இரத்தினஜோதி சரவணமுத்து. கொழும்பு 13இல் அவர் பெயரில் வீதி இருக்கிறது. அந்தப் பக்கம் போகும்போது பெயர்ப்பலகையைப் பாருங்கள். அவருடைய மனைவி நேசம் சரவணமுத்து 1932இலேயே வட கொழும்பிலிருந்து அரசாங்க சபைக்கு, அதாவது அந்தக் காலத்துச் சட்டசபைக்கு, தெரிவானவர். அப்போது அப்படி ஒரு பெண் வெல்வது நம்ப முடியாத செய்தி.

அதன்பிறகு தொழிலாளர் தலைவர் ஏ.ஈ. குணசிங்க மேயரானார். 1954இல் இடதுசாரித் தலைவர் என்.எம். பெரேரா மேயரானார். 1990களில் கே. கணேசலிங்கம் என்ற தமிழர் அந்தக் கதிரையில் இருந்தார். பின்னாளில் ஜனாதிபதியான இரண்டு பேர், ஜே.ஆர். ஜயவர்தனவும் ஆர். பிரேமதாசவும், கொழும்பு மாநகர சபையில் சாதாரண உறுப்பினராகத்தான் பொது வாழ்க்கையைத் தொடங்கினார்கள். பிரேமதாச 1955இல் பிரதி மேயராகவும் இருந்தார். ஜனாதிபதி வரை போனவர்கள் இந்த மண்டபத்தில்தான் முதலில் பேசிப் பழகினார்கள்.

பெண் மேயருக்கு மட்டும் 2018 வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த வருடம் ரோசி சேனாநாயக்க முதல் பெண் மேயரானார். அதே தேர்தலிலிருந்து உள்ளூராட்சி சபைகளில் நூற்றுக்கு இருபத்தைந்து இடம் பெண்களுக்கு என்ற விதியும் நடைமுறைக்கு வந்தது. என்னைக் கேட்டால் இது மிகவும் பிந்தி வந்த நல்ல விதி. குழாயடியில் காத்திருப்பதும், பிள்ளையை கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போவதும், இருட்டு ஒழுங்கையில் பயந்து நடப்பதும் யார்? மாநகர சபையின் சேவை அதிகம் தேவைப்படுவது பெண்களுக்கு. அவர்கள் சபையில் இல்லாமல் எப்படி அதைச் சரியாகச் செய்ய முடியும்?

தள்ளிப்போன தேர்தலுக்குத் திரும்பி வருவோம். மக்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். உரிய நேரத்தில் தேர்தலை நடத்தாதது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று 2024 ஓகஸ்ட் மாதத்தில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 மே 6ஆம் திகதி தேர்தல் நடந்தது. நூற்றுக்கு அறுபது உறுப்பினர்கள் வட்டாரங்களிலிருந்து நேரடியாக வருவார்கள், மிச்சம் நாற்பது பேர் கட்சி பெற்ற மொத்த வாக்குக்கு ஏற்பப் பட்டியலிலிருந்து வருவார்கள் என்பது முறை. கொழும்பில் மொத்தம் 117 உறுப்பினர்கள். எந்தக் கட்சிக்கும் பாதிக்கு மேல் கிடைக்கவில்லை. அதனால் ஜூன் 16ஆம் திகதி உறுப்பினர்கள் கூடி இரகசிய வாக்கெடுப்பில் மேயரைத் தெரிவு செய்தார்கள். 61 வாக்குகள் பெற்று விராய் கெலி பல்தசார் மேயரானார். எதிர்த்தவருக்கு 54. கொழும்பின் இரண்டாவது பெண் மேயர் அவர்.

தோற்ற 54 வாக்குகளையும் சின்னதாக நினைக்க வேண்டாம். எதிர்க்கட்சியில் இருக்கும் உறுப்பினரும் உங்கள் வட்டாரத்தின் உறுப்பினர்தான். கணக்கில் பிழை இருந்தால் எழுந்து கேட்பது அவர் வேலை. உங்கள் வீட்டில் எந்தக் கட்சிக்கு வாக்களித்தார்கள் என்று பார்க்காமல் எல்லாருடைய கானுக்கும் ஓடுகிறவர்தான் நல்ல உறுப்பினர். கட்சி பார்த்து வேலை செய்தால் அதைக் கெட்ட சேவை என்று சொல்லத் தயங்க வேண்டாம்.

இனி சொல்லப்போவது வருத்தமான விஷயம். பிள்ளைகளிடம் இதை மறைக்கக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

நாங்கள் வீசும் குப்பை லொறியில் ஏறிய பிறகு எங்கே போகிறது? ஒரு காலத்தில் கொட்டாஞ்சேனைக்குப் பக்கத்தில் புளூமெண்டலில் மலைபோலக் குவிந்தது. பிறகு கொலன்னாவைப் பக்கம் மீதொட்டமுல்ல என்ற இடத்துக்குப் போனது. அது கொழும்பு மாநகர எல்லைக்கு வெளியே இருக்கிறது. வருடக்கணக்கில் குப்பை உயர்ந்து ஒரு மலையாகவே ஆனது. அடிவாரத்தில் வீடுகள். அங்கே இருந்தவர்கள் நாற்றம், நோய், வெள்ளம் என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள், வீதியில் இறங்கிப் போராடினார்கள். 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு அன்று பிற்பகல், அந்த மலை சரிந்தது. வீட்டில் பலகாரத்தோடு இருந்த மக்களின் மேல் குப்பை விழுந்தது. 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பிள்ளைகளும் இருந்தார்கள்.

எனக்கு இதில் மனதை அறுக்கும் விஷயம் ஒன்று உண்டு. அந்த மலையில் பெரும்பகுதி கொழும்பு நகரத்தின் குப்பை. ஆனால் மலையின் கீழே வாழ்ந்தவர்களுக்குக் கொழும்பு மாநகர சபைத் தேர்தலில் வாக்கு இல்லை. குப்பை போட்டவர்களுக்கு மேயரைக் கேட்க உரிமை இருந்தது, குப்பையைத் தாங்கியவர்களுக்கு இல்லை. ஓர் உள்ளூர்த் தலைவரின் பொறுப்பு அவருடைய எல்லைக் கல்லோடு நின்றுவிட்டால் இப்படித்தான் ஆகும். தனக்கு வாக்களிக்காத, வாக்களிக்கவே முடியாத பக்கத்து ஊர்க்காரரையும் நினைத்து முடிவெடுக்கிறவர்தான் எங்களுக்கு வேண்டும். அப்படிப்பட்டவர் வேண்டும் என்று கேட்க வேண்டியவர்கள் நகரத்துக்குள் இருக்கும் நாங்கள்.

அந்த மேட்டை மூடிய பிறகு வேறு வழிகள் வந்தன. கெரவலப்பிட்டியில் குப்பையை எரித்து 10 மெகாவற் மின்சாரம் எடுக்கும் நிலையம் 2021இல் திறக்கப்பட்டது. தூரத்தில் புத்தளம் மாவட்டத்து அருவக்காட்டில் குப்பையைப் புதைக்கும் இடம் ஒன்றை அமைத்தார்கள். ஆனால் ஈரக் குப்பை சரியாக எரியாது. மீன்முள்ளும் மாங்கொட்டையும் போத்தலும் பொலித்தீனும் ஒரே பையில் போனால் எந்தப் பெரிய இயந்திரமும் திணறும். உக்கும் குப்பை வேறு, உக்காத குப்பை வேறு என்று பிரித்துக் கொடுக்கச் சொல்வது அதற்காகத்தான். இந்த இடத்தில் மேயரால் தனியாக எதுவும் செய்ய முடியாது. லொறி வரும் நாளை ஒழுங்காக வைப்பது அவர் பக்கம், பையைப் பிரிப்பது எங்கள் பக்கம். ஒரு பக்கம் தவறினால் மற்றதும் தவறும். நாங்கள் பிரித்துக் கொடுத்த இரண்டு பையையும் லொறியில் ஒன்றாகக் கொட்டினால் மக்கள் மனம் விட்டுப்போகும். அதைப் பார்த்தால் பிள்ளைகள் தாராளமாகக் கேட்கலாம்.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. கொழும்பில் தமிழ் பேசுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பங்கள், மலையகத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள், தலைமுறையாக இங்கேயே இருக்கும் முஸ்லிம்கள், செட்டியார் தெருக் கடைக்காரர்கள். 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கியது. அதனால் சோலைவரி பற்றியோ கான் பற்றியோ தமிழில் எழுதிக் கேட்பது உங்கள் அம்மம்மாவின் உரிமை. அது யாரும் செய்யும் உதவி கிடையாது. சிங்களம் எழுதத் தெரியாது என்று வெட்கப்பட்டுக்கொண்டு முறைப்பாடு செய்யாமல் விட்ட பெரியவர்களை எனக்குத் தெரியும். அவர்களுடைய ஒழுங்கையில் இருட்டு அப்படியே இருக்கும். தமிழ் பேசும் உறுப்பினர்கள் சபையில் இருப்பது இந்தப் பெரியவர்களுக்குப் பெரிய துணை. தமிழ் தெரியாத உறுப்பினரும் பேசத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு வாசலுக்கு வரலாம். மனமிருந்தால் போதும்.

நான் பிள்ளையாக இருந்தபோது மாநகர சபை என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான், பொது நூலகம். 1925இல் தொடங்கிய நூலகம் அது, பூங்காவை ஒட்டி இருக்கும் இப்போதைய கட்டடம் 1980இல் திறக்கப்பட்டது. சிறுவர் பகுதியில் தமிழ்ப் புத்தகங்கள் தனி இறாக்கையில் இருந்தன. நூலக அட்டை என் பெயரில் இருந்தது என்பதே எனக்குப் பெரிய விஷயம். அந்த அமைதியான அறையும், மின்விசிறியும், புத்தகத்துக்குச் சீல் குத்தும் அன்ரியும் நகரத்தின் வரிப்பணத்தில் எனக்குக் கிடைத்தவை என்று அப்போது யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லியிருந்தால் நான் இன்னும் உரிமையோடு உள்ளே போயிருப்பேன்.

உங்களுக்குப் பதினெட்டு வயது வரைக்கும் வாக்கு இல்லை. ஆனால் கடிதம் எழுத வயது தேவையில்லை. தமிழ்ப் பாடத்தில் முறைப்பாட்டுக் கடிதம் எழுதப் பழக்குவார்களே, அதை உண்மையிலேயே எழுதி அனுப்பலாம். முதலில் உங்கள் வட்டாரத்தின் பெயரையும் உறுப்பினரின் பெயரையும் வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பெரியவர்களுக்கும் தெரியாவிட்டால் எல்லாரும் சேர்ந்து தேடுங்கள். "எங்கள் வீதி மிகவும் மோசமாக உள்ளது" என்று எழுதினால் யாராலும் எதுவும் செய்ய முடியாது. எந்த வீதி, எத்தனையாவது இலக்க வீட்டுக்கு முன்னால், எந்தத் திகதியிலிருந்து என்று எழுதுங்கள். படம் எடுத்து வையுங்கள். ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் முதல் கடிதத்தின் திகதியைக் குறிப்பிட்டு இன்னொன்று எழுதுங்கள். தெருவிளக்கு எரியவில்லை என்றால் கம்பத்துக்குக் கீழே போய் நிமிர்ந்து பாருங்கள், பெரும்பாலான கம்பங்களில் ஒரு இலக்கம் எழுதியிருக்கும். அந்த இலக்கத்தைக் கடிதத்தின் முதல் வரியிலேயே போடுங்கள்.